குழந்தை வாய் திறக்கும் பள்ளி

"கண்ணை மட்டும் விட்டுவிட்டு மற்றபடி தோலை உரித்துவிடுங்கள், வாத்தியாரே" என்று சொல்லிப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டு வருவது நம் நாட்டுத் தகப்பன்மார் தலைமுறை தலைமுறையாகக் கைக்கொண்ட வழக்கம். அப்படிச் சொன்னவர்கள் குரூர சித்தம் படைத்தவர்களல்லர். தாங்கள் அறியாத எழுத்தைத் தம் பிள்ளையாவது அறிய வேண்டும் என்ற தாபத்தால், அந்தப் பிள்ளையின்மீது தங்களுக்கிருந்த அதிகாரம் அனைத்தையும், ஒரு கேள்வியும் கேளாமல், ஒரு நிபந்தனையும் விதிக்காமல், இன்னொருவர் கையில் தூக்கிக் கொடுத்தவர்கள். திண்ணைப் பள்ளிக்கூடத்துக் கோதண்டமும் குட்டும் அந்த விசுவாசத்தின் நிழலில்தான் தழைத்தன. ஆரம்பப் பள்ளியில் குழந்தைகளின் பாதுகாப்பைப் பற்றி இன்று யோசிக்கப் புகுவோர், பூட்டு, மதில், காமிரா ஆகியவற்றுக்கெல்லாம் முன்னதாக இந்த ஒப்படைப்பைத்தான் பரிசீலிக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். ஏனெனில் பெரியவர் செய்வது எதையும் எதிர்த்துப் பேசலாகாது என்று பழக்கப்பட்ட குழந்தை, தனக்கு நேர்ந்த தீங்கைச் சொல்வதற்கும் வாய் திறப்பதில்லை.

இதைப் புளியந்தோப்பை முன்வைத்துப் பேசுவதற்குக் காரணம் உண்டு. வட சென்னையின் இந்தப் பகுதிக்குக் குழந்தைகளைக் குறித்த நெடிய சரித்திரம் இருக்கிறது. 1870-களின் பிற்பகுதியில் பக்கிங்காம் ஆலையும், அதையடுத்துக் கர்நாடிக் ஆலையும் பெரம்பூர்ப் பக்கத்தில் எழும்பிய காலத்தில், நூற்புக் கூடங்களில் பெரியவர்களோடு சிறுவர்களும் நின்றார்கள். 1881-ன் தொழிற்சாலைச் சட்டம் ஏழு வயது நிரம்பாதவர்களை மட்டுமே ஆலைக்கு வெளியே நிறுத்தியது. ஏழு முதல் பன்னிரண்டு வயது வரையில் உள்ளவர்கள் நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரம் உழைக்கலாம் என்று அது அனுமதித்தது. பத்தாண்டு கழித்து, 1891-ல், வயதெல்லை ஒன்பதாக உயர்ந்து, நேரம் ஏழு மணியாகக் குறைந்தது. பாதி நாள் வேலை செய்யும் சிறுவர்களுக்கென்று ஆலை நிர்வாகமே பள்ளிக்கூடமும் நடத்திற்று. பெருக்கல் வாய்பாட்டை உருப்போட வேண்டிய பிராயத்தில் பஞ்சுத் தூசியைச் சுவாசித்த அந்தச் சிறுவர்களுக்கும் சேர்த்துத்தான் 1920 முக்கியமான ஆண்டாகிறது. அவ்வாண்டில்தான், இந்தியாவிலேயே முதன்முதலாக, சென்னை மாகாணம் குழந்தைகளுக்கென்று தனிச் சட்டம் இயற்றியது. அதே ஆண்டில்தான் சர் பிட்டி தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை நகரசபை ஆயிரம் விளக்குப் பள்ளிக்கூடத்தில் மதிய உணவு அளிக்கத் தீர்மானித்தது. பசியிலிருந்தும் அனாதரவிலிருந்தும் குழந்தையைக் காப்பது ராஜாங்கத்தின் கடமை என்பதை ஒரு நூற்றாண்டுக்கு முன்பே ஒத்துக்கொண்ட இந்த ஊரில், நம்பி ஒப்படைத்த பெரியவர் கையாலேயே நேரக்கூடிய தீங்கிலிருந்து குழந்தையைக் காக்கத் தனிச் சட்டம் வருவதற்கு 2012 வரையில் காத்திருக்க வேண்டியதாயிற்று.

ஆலை 1996-ல் மூடப்பட்டுவிட்டது. இன்று புளியந்தோப்பு, பட்டாளம், கன்னிகாபுரம் தெருக்களில் பொழுது விடிவதற்கு முன்பே வீட்டைவிட்டுக் கிளம்புகிறவர்கள் ஆடுதொட்டிக்கும், மூட்டை தூக்கவும், மாநகராட்சித் தூய்மைப் பணிக்கும், பிறர் வீட்டில் பாத்திரம் துலக்கவும் போகிறவர்கள். அந்த வீடுகளில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையை எழுப்பி, முகம் கழுவி, தலை வாரிப் பள்ளிக்கு இட்டு வருபவள் பெரும்பாலும் ஐந்தாம் வகுப்புப் படிக்கும் அக்காள். மழைக்காலத்தில் கணேசபுரம் சுரங்கப்பாதை நிரம்பி, ஓட்டேரி நல்லாக் கால்வாயின் நீர் தெருவுக்கு வந்துவிட்டால், தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு நடப்பவளும் அவளே. 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் இவர்கள் வயிற்றுக்கு வழி செய்தது. குழந்தைகள் பள்ளிக்குள் வந்து சேரும் நேரத்தையும் அது முன்னுக்குத் தள்ளிற்று. சாயங்காலம் நாலு மணிவாக்கில் பள்ளி விடுகிறது. தாய் வீடு திரும்ப ஆறு மணியாகிவிடுகிறது. வீடு பூட்டியிருக்கும் அந்த இடைவேளையில் குழந்தை எங்கே இருக்கிறது என்பது ஒருவருக்கும் திட்டமாகத் தெரியாது. எதிர்வீட்டு மாமா, ஆட்டோ அண்ணன், பெட்டிக்கடைத் தாத்தா, மாடிப்படியில் உட்கார்ந்திருக்கும் ஆயா ஆகிய இத்தனை பேரும் சேர்ந்துதான் அதை வளர்க்கிறார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் நல்லவர்கள். அவர்கள் இல்லாவிட்டால் இந்தப் பேட்டைகளில் தாய்மார் வேலைக்கே போக முடியாது. ஆயினும் தீங்கு வரும்போது அது எங்கிருந்தோ வந்த அந்நியனிடமிருந்து வருவது அபூர்வம். பழகிய முகங்களின் நடுவிலிருந்தே அது வருகிறது.

இது ஊகமன்று. மத்திய மகளிர் மற்றும் குழந்தைகள் நலத்துறை 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளைச் சந்தித்து 2007-ல் வெளியிட்ட ஆய்வில், பாதிக்கு மேற்பட்ட குழந்தைகள் ஏதோ ஒரு வகைப் பாலியல் துன்பத்துக்கு ஆளானதாகத் தெரிவித்தார்கள். துன்புறுத்தியவர்களில் ஏறக்குறைய சரிபாதிப்பேர் அந்தக் குழந்தை அறிந்து நம்பியிருந்தவர்கள். ஆளானவர்களில் ஆண் குழந்தைகள் பெண் குழந்தைகளுக்குக் குறைந்தவர்களாக இல்லை. இந்தக் கடைசி விஷயத்தை நம்மவர் இன்னும் மனத்தில் வாங்கிக்கொள்ளவில்லை. பையனுக்கு என்ன வந்துவிடப்போகிறது என்ற அலட்சியத்தால் எத்தனையோ சிறுவர்கள் தங்கள் துயரத்தைப் பேர் சொல்லவும் தெரியாமல் சுமந்து வளர்ந்திருக்கிறார்கள். புளியந்தோப்புக்கு மிக அண்மையில் உள்ள அயனாவரத்தில், அடுக்குமாடிக் குடியிருப்பொன்றில், லிப்டு இயக்குபவரும் காவலாளிகளும் குழாய் வேலைக்காரரும் உள்பட 17 பேர் 2018-ல் கைது செய்யப்பட்டதையும், அவர்களில் 15 பேர் குற்றவாளிகள் என்று 2020 பிப்ரவரியில் தீர்ப்பானதையும் வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பதினோரு வயதுச் சிறுமியொருத்தி பல மாதம் அனுபவித்த அந்தப் பாலியல் கொடுமையைச் செய்தவர்கள், அந்தக் கட்டடத்தில் அன்றாடம் உலவுவதற்குப் பூரண உரிமை பெற்றவர்கள். குடிசைகள் இருந்த இடத்தில் வரிசையாக அடுக்குமாடிகள் எழும்பிவரும் புளியந்தோப்பில் இந்த வழக்கு ஒவ்வொரு தாய்க்கும் தெரிந்திருக்க வேண்டியது.

பிரம்பைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். தமிழ்நாடு கல்வி விதிகளில் 51-ஆவது விதியைத் திருத்தி 2003-ல் உடல் ரீதியான தண்டனை விலக்கப்பட்டது. 2009-ன் கல்வி உரிமைச் சட்டம் 17-ஆவது பிரிவில் அடிப்பதையும் மனத்தை நோகச் செய்வதையும் ஒருங்கே தடை செய்தது. இருந்தும், "ரெண்டு போடு போட்டால்தான் சரிப்படுவான், டீச்சர்" என்று பெற்றோரே வந்து சிபாரிசு செய்வது நின்றபாடில்லை. நல்லெண்ணத்தோடு ஓங்கும் பிரம்புக்கும் கெட்ட எண்ணத்தோடு நீளும் கைக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கக்கூடும். தன் உடம்பு தன்னுடையது, அதன்மேல் கை வைக்க யாருக்கும் அதிகாரம் இல்லை என்று ஒரு பாடவேளையில் கேட்ட குழந்தை, அடுத்த பாடவேளையிலேயே காதைத் திருகப்பெற்றால், இரண்டில் எதை நம்பும்? வீட்டுக் கணக்கு எழுதாததற்கு அடித்த அதே ஆசிரியரிடம், வெட்கமும் பயமும் தொண்டையை அடைக்கும் ஒரு விஷயத்தைச் சொல்ல அது எப்படித் துணியும்?

சிறு குழந்தை புகார் என்ற முறையில் பேசுவதில்லை. "எனக்கு அந்த சாரைப் பிடிக்கல" என்று சொல்லும்; "வயிறு வலிக்குது, மிஸ்" என்று வாரத்தில் மூன்று நாள் வந்து நிற்கும்; தனியாகக் கழிப்பறைக்குப் போகமாட்டேன் என்று அடம் பிடிக்கும்; நன்றாகப் படித்துக்கொண்டிருந்தது திடீரென்று எழுத்தை விட்டுவிடும்; படுக்கையை நனைக்கத் தொடங்கும். இவற்றுள் எதுவும் தனியே நின்று ஒன்றையும் நிரூபித்துவிடாது. காய்ச்சலாலும் வீட்டுச் சண்டையாலும் இவையெல்லாம் வரும். ஆனால் கவனித்துக் குறித்துவைக்கும் ஓர் ஆள் பள்ளியில் இருந்தால், இரண்டு மூன்று சேரும்போது பக்கத்தில் உட்கார்ந்து விசாரிக்கத் தோன்றும். பல பள்ளிகளில் அந்த ஆள் சத்துணவு ஆயாவாகவோ தூய்மைப் பணியாளராகவோ இருப்பார். அவர் அவிழ்ந்த ரிப்பனைக் கட்டிவிடுகிறவர், இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றுகிறவர். குழந்தை முதலில் அவரிடம்தான் சொல்லும். பாதுகாப்புப் பயிற்சி என்றால் ஆசிரியர்களை மட்டும் கூட்டி உட்கார வைத்து அனுப்பிவிடுவது எனக்குச் சம்மதமில்லை. ஆயாவும் காவற்காரரும் அந்தக் கூட்டத்தில் முன்வரிசையில் இருக்க வேண்டும்.

அப்படிக் குழந்தை சொல்லிவிட்டால் அந்தக் கணத்தில் கேட்பவர் முகமே பெரிய பதில். "ஐயையோ" என்று அலறினால் குழந்தை பயந்து அதோடு நிறுத்திவிடும். "நீ ஏன் அங்கே போனே?" என்று கேட்டால் குற்றம் தன்னுடையது என்று தீர்மானித்துவிடும். "நிஜமாவா?" என்றால் வார்த்தையைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும். "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று சத்தியம் செய்து கொடுப்பதும் தவறு. காப்பாற்ற முடியாத வாக்கு அது. "சொன்னது ரொம்ப நல்லது, கண்ணு. உன்மேல ஒரு தப்பும் இல்ல. இதைச் சரிபண்ணக்கூடியவங்ககிட்ட நான் சொல்லப்போறேன்" என்ற மூன்று வாக்கியங்கள் போதும். பிறகு, அவன் இப்படிச் செய்தானா, அப்படிச் செய்தானா என்று வார்த்தைகளை எடுத்துக் கொடுக்காமல், குழந்தை சொன்னதை அதன் மொழியிலேயே, நாளும் நேரமும் இட்டு எழுதிவைக்க வேண்டும். ஆசிரியர் அறைக்கு அழைத்துவந்து ஆளுக்கொரு தடவை சொல்லச் சொல்வதும், குற்றம் சாட்டப்பட்டவரைக் கூப்பிட்டு எதிரில் நிறுத்திக் கேட்பதும், உடுப்பைத் துவைத்து மாற்றிவிடுவதும், பின்னால் நீதிமன்றத்தில் வழக்கையே கெடுத்துவிடக்கூடிய காரியங்கள். குழந்தையின் மனத்துக்கு அவை இழைக்கும் கெடுதி அதனினும் பெரிது.

எழுதிய பிறகு அடுத்த அடி, போலீஸுக்கோ, 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கோ தெரிவிப்பது. சொல்லலாமா வேண்டாமா என்று ஆலோசிப்பதற்குச் சட்டம் இடம் வைக்கவில்லை. போக்சோ என்று வழங்கும், 2012 நவம்பர் 14 முதல் அமலில் உள்ள, பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டத்தின் 19-ஆவது பிரிவின்படி, குற்றம் நடந்ததை அறிந்தவர் மட்டுமல்லர், நடந்துவிடும் என்று அஞ்சுபவரும் தெரிவித்தே தீர வேண்டும். தெரிவிக்காமல் மறைத்தால் ஆறு மாதம் வரையில் சிறை. தமக்குக் கீழ்ப்பட்ட ஊழியரின் குற்றத்தை ஒரு ஸ்தாபனத்தின் தலைவரே மறைத்தால் ஓராண்டு வரையில். நல்லெண்ணத்தோடு தெரிவித்தவர்மீது வழக்குப் போட முடியாது என்ற பாதுகாப்பும் அதே பிரிவில் உண்டு. உண்மையா பொய்யா என்று துப்புத் துலக்குவது தலைமையாசிரியரின் வேலையன்று. அந்தப் பாரத்தைச் சட்டம் அவர் தோளிலிருந்து இறக்கிப் போலீஸிடம் வைத்திருக்கிறது.

ஆனால் நடைமுறையில் குறுக்கே வருவது பள்ளியின் பேர். "பள்ளி பேரு கெட்டுடும்", "பொண்ணோட வாழ்க்கை என்ன ஆகும்", "நமக்குள்ளே பேசி முடிச்சுக்கலாம்" என்று பேட்டைப் பெரியவர்களும் நிர்வாகத்தாரும் கூடிப் பஞ்சாயத்துப் பேசி, அந்த ஆளை வேறிடத்துக்கு மாற்றி அனுப்பிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று கருதுகிறார்கள். அங்கே இன்னொரு பள்ளி, இன்னொரு மூன்றாம் வகுப்பு அவனுக்குக் கிடைக்கிறது. ராஜஸ்தானில் அரசுப் பள்ளி ஆசிரியர் ஒருவர்மீது மாணவியின் தந்தை கொடுத்த புகாரை, இருதரப்பும் சமாதானமாகிவிட்டது என்ற காரணத்தால் உயர் நீதிமன்றம் ரத்து செய்ததும், அந்தச் சமரசம் செல்லாது, வழக்கு நடந்தாக வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் இங்கே நினைக்கத் தக்கவை. அதற்கு இரண்டாண்டு முன்னர், மகாராஷ்டிரத்தின் பள்ளி விடுதியொன்றில் நேர்ந்ததை அறிந்தும் தெரிவிக்கவில்லை என்று குற்றம் சாட்டப்பட்ட மருத்துவர்மீதான வழக்கையும் அதே நீதிமன்றம் உயிர்ப்பித்து, தெரிவிக்காமலிருப்பது கடுமையான குற்றம் என்று கூறிற்று. நம் மாநிலத்திலேயே, 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தனியார் பள்ளியில் நடந்த போலித் தேசிய மாணவர் படை முகாம் விவகாரத்திலும், 2025 பிப்ரவரியில் மணப்பாறையில் நாலாம் வகுப்புச் சிறுமியைக் குறித்த புகாரிலும், குற்றம் சாட்டப்பட்டவரோடு பள்ளிப் பொறுப்பாளர்களும் கைதாயினர்.

கிருஷ்ணகிரிச் சம்பவம் வேறொரு விஷயத்தையும் காட்டுகிறது. பயிற்சி கொடுக்க வந்தேன் என்று சொல்லி நுழைந்தவர் உண்மையில் யார், அவரை அனுப்பியது யார் என்று ஒரு கடிதம் எழுதிக் கேட்டிருந்தால் அன்றே தெரிந்திருக்கும். இங்கிலாந்தில் ஸோகம் என்ற சிற்றூரில் 2002-ல் பத்து வயதுச் சிறுமியர் இருவரைக் கொன்றவன், அவ்வூர் உயர்நிலைப் பள்ளியின் பராமரிப்பு ஊழியன்; வேறொரு வட்டாரப் போலீஸுக்கு அவனைப் பற்றி முன்னமே பல புகார்கள் வந்திருந்தும், அவை அவனை வேலைக்கு எடுத்தவர்களை எட்டவில்லை. அதன் பிறகே அந்நாட்டில் குழந்தைகளிடையே வேலை செய்ய வருவோரின் பூர்வ விருத்தாந்தத்தைச் சோதிக்கும் முறை அடியோடு சீரமைக்கப்பட்டது. நம் நாட்டிலும் 2020-ன் போக்சோ விதிகள் குழந்தைகளோடு பழகும் ஊழியர் ஒவ்வொருவரைக் குறித்தும் போலீஸ் விசாரணை வேண்டும் என்கின்றன. நிரந்தர ஆசிரியர்களுக்கு இது நடந்துவிடுகிறது. கராத்தே சொல்லிக்கொடுக்க வாரம் ஒருமுறை வருபவர், ஒப்பந்தக் காவலாளி, ஓர் ஆட்டோவில் பத்துப் பிள்ளைகளை அடைத்து ஏற்றிச் செல்பவர் ஆகியோர் இந்த வலையில் விழாமல் தப்பிவிடுகிறார்கள்.

கட்டடத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். காமிரா வைத்தால் போதும் என்ற எண்ணம் பரவியிருக்கிறது. காமிரா கழிப்பறைக்குள் வைக்கலாகாது, மாடிப்படியின் பின்புறத்தை அது பார்ப்பதுமில்லை. கழிப்பறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் குழந்தைக்கு எட்டும் உயரத்தில் இருக்கிறதா, அதற்குப் போகும் வழி ஆசிரியர் கண்ணில் படுகிறதா, உபயோகமற்ற அறையின் சாவி யாரிடம் இருக்கிறது என்று பார்ப்பது காசு செலவில்லாத காரியம். அரசுப் பள்ளிகளில் 'மாணவர் மனசு' என்ற புகார்ப் பெட்டி வைத்திருக்கிறார்கள். மேல் வகுப்புகளுக்கு அது உதவும். எழுத்துக் கூட்டவே இன்னும் வராத ஒன்றாம் வகுப்புக் குழந்தை அதில் என்ன போடும்? அந்தக் குழந்தைக்குப் பெட்டி, காது கொடுத்துக் கேட்கும் ஒரு மனுஷிதான்.

குழந்தைகளுக்குச் சொல்லித்தருவதும் வேண்டும். ஆனால் சொல்லித்தரும் முறையில் ஒரு ஜாக்கிரதை அவசியம். கெட்ட தொடுதல் வலிக்கும், பயமாக இருக்கும் என்று மட்டும் கற்பித்தால், மிட்டாய் கொடுத்துச் செல்லமாகத் தொடுபவனை அது அடையாளம் காணாது. உள்ளாடை மறைக்கும் இடங்களை, உடம்புக்கு வந்து மருத்துவர் பார்க்கும்போதும், சின்னப் பிள்ளையை அம்மா குளிப்பாட்டும்போதும் தவிர, யாரும் பார்க்கவோ தொடவோ கூடாது; யாராவது 'இது நமக்குள் ரகசியம்' என்று சொன்னால் அதைத்தான் முதலில் வந்து சொல்ல வேண்டும் என்று தெளிவாகச் சொல்வது நல்லது. உறுப்புகளின் பேரைக் கூச்சமின்றி அதற்குக் கற்பிக்க வேண்டும். பேர் தெரியாத இடத்தில் நேர்ந்ததை அது எந்த வார்த்தையால் சொல்லும்? இவ்வளவும் சொல்லிவிட்டு, உன்னை நீயே காத்துக்கொள் என்று ஆறு வயதுக் குழந்தையின் தலையில் பொறுப்பைக் கட்டுவது அநியாயம். காப்பது பெரியவர் கடமை; சொல்வது மட்டுமே குழந்தையுடையது.

பெற்றோருக்கு இதில் உள்ள அதிகாரம் அவர்களுக்கே சரிவரத் தெரியாது. கல்வி உரிமைச் சட்டத்தின்படி அரசுப் பள்ளிகளில் அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். வீட்டு வேலைக்குப் போகும் புளியந்தோப்புத் தாய் ஒருத்தி அந்தக் கூட்டத்தில் எழுந்து, "புதுசா வந்திருக்கிற வாட்ச்மேனைப் பத்தி விசாரிச்சீங்களா, சார்? சாயங்காலம் புள்ளைங்களை யார்கிட்ட விடறீங்க?" என்று கேட்பதற்குச் சட்டபூர்வமான இடம் உண்டு. அதைக் கேட்கும் தாயைத் தலைமையாசிரியர் விரோதியாகப் பாவிக்கலாகாது. தோலை உரிக்கச் சொன்ன தகப்பனைவிட இவள் அந்தப் பள்ளிக்குப் பெரிய உபகாரி.

புகார் கொடுத்த பிறகு வரும் நாட்களைக் குறித்துப் பேசுவோர் குறைவு. குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, கூடியவரையில் உதவி ஆய்வாளர் பதவிக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடையின்றி வந்து பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. இரவில் காவல் நிலையத்தில் குழந்தையை இருத்தலாகாது. சாட்சி சொல்லும்போது எதிரியின் முகம் அதன் கண்ணில் படலாகாது. பேரையோ பள்ளியையோ தெருவையோ அடையாளம் தெரியும்படி பத்திரிகையில் வெளியிடலாகாது. வழக்குக் காலம் முழுதும் கூட இருந்து உதவ, குழந்தைகள் நலக் குழு ஓர் ஆதரவு நபரை நியமிக்கலாம். விசாரணை, இயன்றவரையில், ஓராண்டுக்குள் முடிய வேண்டும் என்றும் எழுதியிருக்கிறது. ஆயினும் வழக்குகள் நீள்வது உண்டு. மூன்றாம் வகுப்பில் வாய் திறந்த குழந்தை ஐந்தாம் வகுப்புக்குப் போன பின்பு நீதிமன்றப் படியேற நேரலாம்.

அந்தக் காலம் முழுவதும் அது பள்ளிக்கு வந்துகொண்டுதான் இருக்கும். அதே வகுப்பில், அதே சிநேகிதிகளின் பக்கத்தில் அது உட்கார வேண்டும்; மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு வேறு பள்ளி பார்த்துக்கொள்ளுங்கள் என்று பெற்றோரிடம் ஜாடையாகக்கூடச் சொல்லலாகாது. வாய்தா நாளில் வராமற்போனால் எங்கே போனாய் என்று வகுப்பில் வைத்துக் கேட்கலாகாது என்பதையும், விட்டுப்போன கணக்கையும் எழுத்தையும் மறுநாள் தனியே உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பதையும், தலைமையாசிரியர் அந்த வகுப்பாசிரியைக்கும், ஆண்டு மாறும்போது அடுத்த வகுப்பாசிரியைக்கும், காரணத்தை விவரிக்காமலே, முன்கூட்டிச் சொல்லிவைக்கலாம்.